கம்மாபுரம் பக்கம் அடுப்பு எண்ணப் போன கோடை

அன்று சத்யாவிடம் நான் சொல்லாதது ஒரே ஒரு வாக்கியம்: “இந்த வீட்டில் எத்தனை அடுப்பு என்று எழுதுகிறோமோ, அத்தனை மனைதான் உங்களுக்குக் கிடைக்கும்.” சொல்ல வேண்டிய இடத்தில் நின்றிருந்தேன். அவளே கேட்கவும் செய்தாள்.

இது இரண்டு கோடைக்கு முந்தைய பயணம். முதுகலை மாணவர்கள் விடுமுறையில் ஆறு வாரம் களத்தில் வேலை பார்த்தால்தான் எங்கள் பல்கலைக்கழகத்தில் மதிப்பெண். எனக்குக் கிடைத்த இடம் நெய்வேலி. சுரங்க விரிவாக்கத்துக்காக நிலம் எடுக்கப்போகும் ஒரு கிராமத்தில் குடும்பக் கணக்கெடுப்பு. கணக்கெடுப்பை ஒப்பந்தத்தில் எடுத்திருந்த தனியார் ஆலோசனை நிறுவனம் ஒரு பக்கம், அந்த ஊரில் மகளிர் குழு நடத்தும் தொண்டு நிறுவனம் இன்னொரு பக்கம், நடுவில் எங்கள் துறை. இதே மாதிரி வேலைக்குப் போகும் மாணவர்கள் வழி கேட்டு எழுதுகிறார்கள். அதனால் வழியையும் எழுதுகிறேன். ஊரின் பெயரை எழுதவில்லை. மனிதர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

சென்னையிலிருந்து போகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் கும்பகோணம் பேருந்தைப் பிடியுங்கள். நான் ஏறியது காலை ஆறு மணி வண்டி. டிக்கெட் 195 ரூபாய், சுமார் 170 கிலோமீட்டர். விக்கிரவாண்டி தாண்டியதும் சாலை வேலை நடக்கும் இடங்களில் வண்டி ஊர்ந்துதான் போகும். பண்ருட்டியில் பத்து நிமிடம் நின்றது. காடாம்புலியூரில் சாலையின் இரண்டு பக்கமும் பலாப்பழம் குவித்து வைத்திருந்தார்கள். வெயிலில் அந்த வாசனை பேருந்துக்குள் வந்து, அடுத்த ஊர் வரைக்கும் கூடவே வந்தது. பத்தே முக்காலுக்கு நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கினேன்.

அங்கிருந்து மந்தாரக்குப்பத்துக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பஸ் டவுன்ஷிப்புக்குள் புகுந்து போகும். நேரான சாலைகள், இரண்டு பக்கமும் மரங்கள், எண் போட்ட பிளாக்குகள், ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ், மைதானத்தில் வெயிலைப் பொருட்படுத்தாத ஷட்டில் ஆட்டம். மறுபக்கம் வெளியே வந்ததும் மரங்கள் குறைந்து தூசி தொடங்குகிறது. மந்தாரக்குப்பத்தில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி அறை எடுத்தேன். நாள் வாடகை 250. ஜன்னல் கட்டையைக் காலையில் துடைத்தால் மாலைக்குள் மறுபடி கரித்தூசி விரலில் ஒட்டும். வெள்ளைத் துணி எடுத்துப் போகாதீர்கள்.

முதல் நாள் தொண்டு நிறுவன அலுவலகத்தில் பயிற்சி. மகளிர் குழுக்களைப் பார்த்துக்கொள்ளும் ரெஜினா அக்கா இருந்தார். ஆலோசனை நிறுவனத்திலிருந்து தினேஷ் வந்திருந்தார். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவர், கையில் டேப்லெட். குடும்பம் என்றால் என்ன என்று அவர் விளக்கினார். தனி அடுப்பு இருந்தால் தனிக் குடும்பம். ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு மாற்றுக் குடியிருப்பில் ஒரு மனை. வீட்டுத் தலைவர் சொல்வதைப் பதிய வேண்டும், சொன்ன அடுப்பைப் படம் எடுக்க வேண்டும்.

“ரெண்டு விஷயம் மறந்துடாதீங்க,” என்றார். “பதிலை எடுத்துக் குடுக்கக் கூடாது. எதுக்குக் கேக்கறோம்னும் சொல்லக் கூடாது. சொன்னா நாளைக்கே ஊர் பூரா அடுப்பு முளைச்சிடும்.”

ரெஜினா அக்கா டீ கிளாஸைத் திருப்பிக்கொண்டே இருந்தார். மறுக்கவில்லை. எனக்கும் அது தவறாகப் படவில்லை. பதிலை எடுத்துக் கொடுக்கும் கேள்வி கெட்ட கேள்வி என்று வகுப்பில் ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்திருந்தேன்.

கிராமம் மந்தாரக்குப்பத்திலிருந்து 14 கிலோமீட்டர், கம்மாபுரம் பக்கம். போய்வரவும் காத்திருக்கவும் சேர்த்து ஆட்டோவுக்கு 600 ரூபாய். ஓட்டியவர் பஷீர் பாய், நாற்பது வயதிருக்கும். அவருடைய தம்பி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி.

“மேடம் பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா?” என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

“இன்டர்ன்ங்க பாய்.”

“அதுக்கும் கீழயா?” என்றவர், கொஞ்ச தூரம் போனதும், “பரவால்ல. என் தம்பிக்கு இனிமே நான் ஆறுதல் சொல்வேன். உனக்குக் கீழயும் ஆளு இருக்குதுடான்னு,” என்றார்.

வலது பக்கம் மலை தெரிந்தது. கடலூர் மாவட்டத்தின் இந்தப் பகுதியில் மலை கிடையாது. அது சுரங்கத்திலிருந்து எடுத்துக் கொட்டிய மண். மேலே முள்செடி பச்சையாக மூடிவிட்டதால் தெரியாதவர்கள் மலை என்றே நினைப்பார்கள், நானும் நினைத்தேன். அதன் அடிவாரத்தை ஒட்டியே நெல் வயல். அறுத்த தாளில் ஆடுகள் மேய்ந்தன.

தினேஷ் பைக்கில் வந்து ஊரில் சேர்ந்துகொண்டார். முதல் தெருவிலேயே அடுப்புக்கு ஒரு மனை என்ற செய்தி எங்களை முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஒரு வீட்டுக்காரர், “மூணு அடுப்புங்க,” என்று உள்ளே கூட்டிப் போனார். ஒன்றில் சோறு கொதித்தது. மற்ற இரண்டும் புது மண் அடுப்புகள். மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். துளி கரி இல்லை.

“இதுல எப்பங்க சமைக்கறது?” என்று தினேஷ் கேட்டார்.

“அமாவாசைக்கி அமாவாசை,” என்றார் அவர், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். அவருடைய மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினாள். தினேஷும் சிரித்துவிட்டு மூன்று என்று பதிந்தார். சொல்வதைப் பதிவதுதான் விதி.

கலியமூர்த்தியின் வீடு அடுத்த தெருக் கோடியில், தனியாக. செய்தி அந்தத் தெருவுக்கு இன்னும் போகவில்லை. அந்த ஊரில் அண்ணன் தம்பி பாகப் பிரிவினை என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்று ரெஜினா அக்கா முன்பே சொல்லியிருந்தார். வரப்பு தகராறு, கிணற்றுப் பங்கு, யார் வீட்டில் தாயார் இருப்பது என்று எல்லாம் அவர் பேசி முடித்ததுதான். இரண்டு மகன்கள். மூத்தவர் விவசாயம். இளையவர் வேல்முருகன் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் மண் அள்ளும் கான்ட்ராக்ட் வேலை. அன்று இரண்டு மகன்களும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

கலியமூர்த்தி சட்டை போட்டுக்கொண்டு வந்துதான் உட்கார்ந்தார். எங்களுக்கு மோர் வந்தது. இந்த வீட்டுக்கு தினேஷ் டேப்லெட்டை என்னிடம் கொடுத்திருந்தார். பட்டா, மாடு, மரம் எல்லாம் கேட்டு முடித்து, “எத்தனை அடுப்புங்க?” என்றேன்.

“ஒன்னு.”

என் விரல்கள் டேப்லெட்டின் மேல் நின்றன. வீட்டுக்குள் சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்தது. கொல்லைப்புறத்திலிருந்து கருவாடு வறுபடும் வாசனையும் வந்தது. சாம்பார் ஆகும் அடுப்பில் யாரும் அதே நேரத்தில் கருவாடு வறுப்பதில்லை.

“ஒன்னுதாங்களா?” என்றேன். இதையே கேட்டிருக்கக் கூடாது.

“என்னாம்மா சந்தேகம்? இந்த ஊர்ல எத்தினி வூட்ட நான் பிரிச்சி உட்ருக்கறேன். என் வூட்ல அந்தப் பேச்சு வந்ததில்ல. வா, வந்து போட்டோ புடிச்சிக்கோ.”

அவரே எழுந்து சமையலறைக்குக் கூட்டிப் போனார். மூத்த மருமகள் சுவரோடு ஒதுங்கி நின்றாள். சாம்பார் கொதித்த அடுப்பைப் படம் எடுத்தேன். கை கழுவக் கொல்லைக்குப் போனேன்.

மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பு. கல் மேடையில் இரண்டு பர்னர் காஸ் அடுப்பு, பக்கத்தில் மசாலா டப்பாக்கள், சுவர் முழுக்கப் புகையும் எண்ணெயும் ஏறிய கறை. என் வயதுதான் இருக்கும் ஒரு பெண் வாணலியை இறக்கினாள். இளைய மருமகள் சத்யா.

என் பார்வையைக் கவனித்துவிட்டாள். “தை மாசத்துலருந்து தனியா ஆக்கிகினு இருக்கறோம்க்கா,” என்றாள் மெதுவாக. “அவுங்க சாம்பாருக்கும் என் கருவாட்டுக்கும் ஒத்து வரல. மாமா வெளியாளுங்க கிட்ட சொல்ல மாட்டாரு. ஆளு வந்தா இத சாக்கு போட்டு மூடச் சொல்வாரு. இன்னிக்கி நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் கேட்டாள்.

“ஏங்க்கா, அடுப்ப எதுக்கு எண்றீங்க? காஸ் மானியமா?”

உள்ளே தினேஷ் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். கேட்கும் தூரம் இல்லை.

“பொதுவான கணக்குங்க,” என்றேன்.

“அப்ப ஒன்னுனே இருக்கட்டும்க்கா. அதுக்குப் போயி மாமா மானம் போவ வாணாம்.”

கருவாட்டில் இரண்டு துண்டு வாழை இலையில் வைத்துக் கொடுத்தாள். சாப்பிட்டேன். தினேஷ் வாசலிலிருந்து, “மேடம், போட்டோ ஒன்னுதானே?” என்றார். “ஒன்னுதான் சொன்னாரு,” என்றேன். அது பொய்யில்லை.

திரும்பும்போது மூன்றரை மணி. பஷீர் பாய் இரண்டு முறை பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். “வெயிலு மேடத்த அட்ச்சிட்ச்சி,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு கடையில் நிறுத்தி நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

மாலையில் ரெஜினா அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்தார்.

“பட்டியல் பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒட்டுவாங்க. ஆட்சேபணைக்கு டைம் இருக்கு. அப்ப அவரே வந்து சொல்லிக்கலாம்.”

“நாம இப்பவே போய்ச் சொன்னா என்னக்கா?”

“சொல்லலாம். அடுத்த கணக்கெடுப்புக்கு தினேஷ் கம்பெனி எங்களைக் கூப்பிட மாட்டாங்க. இப்ப பக்கத்துல நின்னு பாக்கவாவது செய்றோம்.” பிறகு, “நீ ஆறு வாரத்துல போயிடுவே,” என்றார். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. அதனால்தான் வலித்தது.

மீதி நாட்களில் நான் அந்தத் தெருவுக்குப் போகவில்லை. சேத்தியாத்தோப்பு பக்கத்து ஊர்களுக்கு மாற்றிவிட்டார்கள். மந்தாரக்குப்பத்திலிருந்து வடலூர் போய் வண்டி மாற வேண்டும், ஒன்றரை மணி நேரம். வெள்ளாற்றில் அந்த மாதம் தண்ணீர் இல்லை. பார்க்க வேண்டிய இடம் எது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சுரங்கத்தை மேலிருந்து பார்க்க முன் அனுமதி வேண்டும். எனக்கு ஒரு முறை கிடைத்தது. கீழே ராட்சத இயந்திரங்கள் எறும்பு அளவில் நகர்ந்தன. அந்தப் பள்ளத்தின் ஏதோ ஓர் உயரத்தில் முன்பு வீடுகளும் அடுப்புகளும் இருந்திருக்கும். அந்த உயரம் இப்போது வெறும் காற்று.

அந்தக் கணக்கெடுப்பைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்தேன். இரண்டு பக்கமும் சாயாத கேள்வி என்றுதான் அதை நம்பினோம். ஆனால் அது எதற்கென்று தெரிந்த தெருவுக்கு ஒரு கேள்வியாகவும், தெரியாத தெருவுக்கு வேறொரு கேள்வியாகவும் இருந்தது. முதல் தெருவில் மனையைக் கேட்டோம். கலியமூர்த்தியிடம் அவருடைய குடும்ப மானத்தைக் கேட்டோம். அவர் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னார்.

போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். மே மாதத்தைத் தவிர்க்க முடியாவிட்டால் காலை ஏழுக்கே களத்துக்குப் போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் நிழல் கிடையாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். ஆட்டோவுக்கு நாள் வாடகை பேசிக்கொள்ளுங்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. பெண்கள் தனியாகத் தங்க மந்தாரக்குப்பம் பரவாயில்லை, எனக்குத் தொந்தரவு எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், நீங்கள் கேட்கப்போகும் ஒவ்வொரு கேள்வியும் எதற்குப் பயன்படும் என்று கேளுங்கள். அதை மக்களிடம் சொல்ல உங்களுக்கு அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். மதிப்பெண் எங்கேயும் கிடைக்கும். எனக்கு நல்ல மதிப்பெண்ணே கிடைத்தது.

நான் ஊர் திரும்பிய பிறகு நடந்ததை பஷீர் பாய் போனில் சொன்னார், பிறகு ரெஜினா அக்காவும் உறுதிப்படுத்தினார். பட்டியல் ஒட்டினார்கள். முதல் தெருக்காரருக்கு மூன்று குடும்பம், கலியமூர்த்திக்கு ஒரு குடும்பம். ஆட்சேபணையை வீட்டுத் தலைவரே ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். சத்யாவும் வேல்முருகனும் அவரைக் கெஞ்சினார்கள். அவர் கூட்டத்துக்குப் போனார், கடைசி வரை உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. ஒரு மனை வந்தது. அதில் மூத்த மகன் வீடு கட்டினார், பெற்றோர் அவரோடு இருக்கிறார்கள். சத்யாவும் வேல்முருகனும் மந்தாரக்குப்பத்தில் தகரம் போட்ட ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். கலியமூர்த்தியின் புது வீட்டில் இப்போது ஒரே அடுப்புதான்.