தொட்டி இல்லாத தொட்டி அறை

காஜாக்கா குடியிருந்த அறைக்கு மூன்று பெயர். மூன்றும் அவளுக்குப் பிடிக்காது.

நாலு மாடி வீட்டின் உச்சியில், படிக்கட்டு முடிகிற இடத்தில், பத்துக்குப் பத்தில் ஒரே அறை. வீடு கட்டும்போது சிமெண்ட் மூட்டை நனையாமல் அடுக்கி வைக்கக் கட்டியது. கடைசி மூட்டை கீழே இறங்கி முப்பது வருஷம் ஆகிறது, பேர் மட்டும் இறங்கவில்லை. கீழ்வீட்டுக்காரர்களுக்கு இன்னமும் அது சிமெண்ட் ரூம்தான். வீட்டுக்காரம்மா அதை மச்சு என்பாள். அவள் பிறந்த வீட்டில் மரப்பலகை பரப்பிய மேல்தளம் ஒன்று இருந்ததாம், அதற்கு அந்தப் பேராம். இங்கே பலகையும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது, தலைக்கு மேலே தகரம். அவள் மகன் வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். வந்தால், பணக்காரர்களின் உச்சிமாடி வீடு மாதிரி "பென்ட்ஹவுஸ்" என்பான். மத்தியான வெயிலில் ஒரு மணிநேரம் உள்ளே உட்கார வைத்திருந்தால் அவன் வாயில் வேறு வார்த்தை வந்திருக்கும்.

காஜாக்கா தையல்கடைகளுக்குச் சட்டைக்குப் பட்டன் நுழைகிற காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுப்பவள். அதனால்தான் அந்தப் பேர். புருஷன் செத்து ஒன்பது வருஷம். அவன் இருந்தபோதும் தண்ணீர் தூக்கியது அவள்தான். வீட்டு மோட்டார் மூன்றாம் மாடியோடு மூச்சை விட்டுவிடும். கீழ்க்குழாயிலிருந்து அறுபத்தெட்டுப் படி, நாளைக்கு ஆறு குடம். முட்டி இரண்டும் வீங்கிப் போய் டாக்டரிடம் போனால், "படி ஏறாதீங்கம்மா" என்றார்.

"அப்ப பறந்து போகவா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

வந்த கையோடு தண்ணீர் ஆபீசில் தனிக் குழாய்க்கு எழுதிப் போட்டாள். இரண்டு மாசம் கழித்து இன்ஸ்பெக்டர் இரைக்க இரைக்க மேலே ஏறி வந்தார். அவர் பின்னாலேயே வீட்டுக்காரம்மாவும் ஏறி வந்தாள். காஜாக்கா கட்டிலைத் தட்டி உட்கார வைத்து, சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"இது என்ன ரூம்?" என்றார் அவர்.

"டேங்க் ரூம் சார். பிளான்லயே இருக்கு பாருங்க" என்று வீட்டுக்காரம்மா காகிதத்தை நீட்டினாள். இருக்கத்தான் செய்தது. வரி குறையட்டும் என்று அவள் வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் செய்த வேலை. தொட்டி வாங்கத்தான் அவருக்குக் கடைசிவரை மனசு வரவில்லை.

இன்ஸ்பெக்டர் தண்ணீரைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "தொட்டி அறை. இங்கு யாரும் குடியில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சார், அப்ப உங்களுக்குத் தண்ணி குடுத்தது யாரு, பேயா?"

"நான் என்னம்மா பண்றது? தொட்டி ரூம்ல ஆள் இருக்கக் கூடாது. குடியிருக்கிற ரூம்னு மாத்தணும்னா வீட்டுக்காரங்க கையெழுத்து போடணும்."

"போட்டா வரி ஏறும். நான் எங்க போவேன்?" என்றாள் வீட்டுக்காரம்மா.

"நீங்க எங்கயும் போக வேணாம்மா. அதான் தெனம் ஆறு தடவ நான் போயிட்டு வர்றேனே."

அன்றைக்கு இரண்டு சட்டைக்குக் காஜா கோணிப் போய் பிரித்துத் தைத்தாள். மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போய், இரண்டு மணி வரைக்கும் பெஞ்சில் காத்திருந்து, அதே இன்ஸ்பெக்டரின் மேசை முன்னால் நின்றாள்.

"சரி சார், தொட்டி ரூமாவே இருக்கட்டும். தொட்டி எங்க?"

"என்னம்மா?"

"நேத்து எதும்மேல உக்காந்தீங்க? தொட்டி மேலயா, என் கட்டில் மேலயா? தொட்டியே இல்லாத எடத்தத் தொட்டி ரூம்னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க. உள்ள இருக்கிற பெரிய ஆபீசர்கிட்ட வெவரம் கேட்டுக்கட்டுமா?"

அவர் உடனே ஃபைலை இழுத்தார். அந்த வாரமே வீட்டுக்காரம்மாவுக்கு நோட்டீஸ் வந்தது. பிளானில் உள்ளபடி பதினைந்து நாளில் தொட்டி வைக்கணும், இல்லையென்றால் அபராதம். வீட்டுக்காரம்மா தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். கத்திவிட்டு, தொட்டியும் பெரிய மோட்டாரும் வாங்கினாள்.

நாலு ஆள் கறுப்புத் தொட்டியை மேலே ஏற்றினார்கள். "இவ்ளோ பெரிய மொட்டைமாடி சும்மாதான கெடக்கு, அந்த மூலைல வைங்கப்பா" என்றாள் காஜாக்கா.

"அதெப்படிக்கா? பிளான்ல ரூமுக்குள்ளல்ல போட்டிருக்கு" என்றான் பிளம்பர்.

"நீங்க பிளான் பாத்துதான் சோறு திம்பீங்களா? எனக்குப் படுக்க எடம் வேணாமா?"

யார் கேட்டார்கள்? வாசலில் தொட்டி நுழையாததால் கதவை நிலையோடு பெயர்த்தார்கள். அரை அறையைத் தொட்டி அடைத்துக்கொண்டது. கட்டில் வெளியே போனது, கதவு திரும்பி வரவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து தொட்டியைப் பேனாவால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்து, "இப்ப சரியா இருக்கு" என்று போய்விட்டார்.

காஜாக்கா தொட்டியின் அடியில் இருந்த குழாயைத் திருகினாள். தண்ணீர் கொட்டியது. முழங்கை வரை நனைய விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"தண்ணிதான் வந்துருச்சுல்ல, இன்னும் என்ன மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றாள் வீட்டுக்காரம்மா.

"மூஞ்சி நல்லாத்தாம்மா இருக்கு. கழுவிட்டுத் தொடைக்கலாம்னா கையத் தூக்க முடியல, தொட்டி இடிக்குது."

மறுநாள் காலையில் முகம் கழுவி, தைத்த சட்டைகளை மூட்டையாகக் கட்டித் தொட்டிக்குப் பின்னால் செருகிவிட்டு, தொட்டியை வெளியே வைக்க என்ன படிவம் என்று கேட்க ஆபீசுக்குக் கிளம்பினாள். கதவுதான் இல்லையே, பூட்டுகிற வேலை மிச்சம்.