அவள் விட்டுக்கொடுத்த முறை

என் ஓரகத்திக்கு ரெண்டு பிள்ளை, எனக்கும் ரெண்டு. என் புருஷனும் அவள் புருஷனும் அண்ணன் தம்பி. ஒரே வாசல், ஒரே குழாய். பால் கொடுத்து முடித்த பிறகும் அவள் மார்பு அப்படியே நின்றது. என்னுடையது வற்றித் தொங்கிவிட்டது. இதற்கெல்லாம் பொறாமையா என்று கேட்பவர்கள் தினமும் அவள் பக்கத்தில் நின்று தண்ணீர் பிடித்துப் பார்க்கட்டும்.

இறால் கம்பெனியில் தோல் உரித்துக் கட்டிய சீட்டை எடுத்து, சென்னையில் ஒரு கிளினிக்கில் சிலிக்கான் வைத்துக்கொண்டேன். "உன் துட்டு, உன் உடம்பு" என்றான் புருஷன்.

ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. இடது பக்கம் கல்லாக இறுகி மேலே ஏறியது. வலது பக்கம் அக்குளோரம் ஒதுங்கியது. கையைத் தூக்கினால் உயிர் போகும். கிளினிக்கில் கேட்டதற்கு, சிலருக்கு அப்படி ஆகும், கையெழுத்துப் போட்டீர்களே என்றார்கள். அறுத்து எடுத்துப் புதிதாக வைக்க முதல் தடவையைவிட அதிகம் கேட்டார்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த டாக்டரம்மா, எடுக்க மட்டும் என்றால் செலவு பாதிகூட ஆகாது, ஆனால் தோல் சுருங்கி முன்பைவிட மோசமாகத் தெரியும் என்றார். அழகுக்காகச் செய்துகொண்டது என்பதால் காப்பீட்டு அட்டையும் செல்லாது.

எனக்குப் புதிதாக வைத்தே ஆக வேண்டும். கையில் பணம் இல்லை. கடலோடு சேரும் எங்கள் ஏரியில் இறால் ஓடும் இடங்களைப் பாடு என்போம். யார் எப்போது அங்கே வலை கட்டுவது என்பதற்கு ஊரில் முறை உண்டு. எங்கள் குடும்பத்துக்கு வரும் முறையை அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றி எடுப்பார்கள். அடுத்தது தம்பியின் முறை. அதை நான் அவளிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

நண்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தபா முறைய எங்களுக்கு உடுமே. அடுத்தது நீங்க எடுத்துக்கோங்க."

"ஆபரேஷனுக்காக்கா?"

"உனக்கு யார் சொன்னது?"

"பொன்னேரி பஸ்ஸுல ஒருத்தி கேட்டா. உங்க அக்கா காத்தடிச்சிக்கினது பஞ்சராமேன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"உன் வூட்டு டயரப் போய்ப் பாருன்னேன்." சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "எடுத்துக்கோக்கா. அவரண்ட நான் சொல்லிக்கிறேன். ஆனா புதுசு வெக்காத. எடுத்துட்டு வந்துடு."

"உனக்கு இன்னா, ஒழுங்கா இருக்குது. பேசுவ."

அவள் அடுத்த நண்டை எடுத்துக் கழுவினாள்.

எங்கள் முறையில், ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைத்திருந்தது. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை. வலையில் வந்ததை விற்றதில் சிலிக்கானை எடுக்க மட்டும்தான் பணம் தேறியது. வலி பொறுக்க முடியாமல் எடுத்துக்கொண்டேன். கட்டுப் பிரித்த அன்று கண்ணாடியைத் திருப்பி வைத்தேன்.

அடுத்தது அவர்கள் முறை. மழை கொட்டி முகத்துவாரம் உடைந்தது. இறால் கொள்ளை கொள்ளையாக ஏறி வந்தது. நான் படுத்திருந்த இடத்துக்கே கூடை இறக்கும் சத்தம் கேட்டது. நியாயமாக அது எங்கள் முறை. நானே கேட்டு மாற்றிக்கொண்டது.

ரெண்டு நாள் கழித்து அவள் பணத்தோடு வந்தாள். "வெச்சிக்கோக்கா. உனக்குப் புதுசு வெச்சாத்தான் மனசு ஆறும்னா வெச்சிக்கோ. துட்டு மெதுவாக் குடு."

அவளுக்கு உடம்பும் நன்றாக இருக்கிறது, மனசும் நன்றாக இருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் பணத்தில் வாங்கிய மார்போடு தினமும் அவள் பக்கத்தில் தண்ணீர் பிடிப்பதைவிட இப்படியே இருந்துவிடலாம்.

"வேணாம், எடுத்துக்கினு போ" என்றேன்.

பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். எனக்குக் கை சரியாக எழும்பவில்லை என்று பார்த்து, தலையை வாரிப் பின்னிவிட்டாள். வலிக்கும்படி இழுத்தாள். கோபம் இருந்திருக்கும்.

வீம்பு என்றான் புருஷன். வீம்புதான். புதிதாக எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. வலி போய்விட்டது.