பேட்டிலுக்கு வரைந்த அரிவாள்

என் மண்டையில் ஏழு தையல். குத்தியது பொதி தூக்கும் கொக்கி. ஆனால் காரணம் நான்தான்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் பேக்கிங் வேலை எனக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ். லோடுமேன்களுக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்பதால், ஊருக்கு ஒரு படத்தைப் பொதியில் பெயிண்டால் வரைந்துவிடுவது அங்கே பழைய வழக்கம். மும்பைக்கு மீன், கொல்கத்தாவுக்கு டிராம். இங்கிலாந்து ஆர்டர் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என்ன மாதிரி ஊர்கள்! பாத் என்றால் குளியல், குளிக்கும் தொட்டி. ஹல் என்றால் கப்பலின் உடம்பு, பயறின் தோலும் அதுதான். டீல் என்றால் பேரம், சீட்டாட்டத்தில் சீட்டுப் போடுவது, பைன் மரப் பலகை. அகராதியைப் புரட்டிப் புரட்டி வரைந்தேன். பாத்துக்கு வாளி, ஹல்லுக்குக் கப்பல், டீலுக்குச் சீட்டுக்கட்டு. பேட்டில் என்றும் ஓர் ஊர். போர், சண்டை, மல்லுக்கட்டு. சிவப்பு பெயிண்டில் அரிவாள் போட்டேன். லோடுமேன் அண்ணன் ஒருவர் சீட்டுக்கட்டுப் பொதியோடு நடந்துபோவதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸும் வைத்தேன்.

அந்த அண்ணனுக்கு ஊர் கூமாப்பட்டிப் பக்கம். வரப்புத் தகராறில் அவர் கூடப்பிறந்த அண்ணனை வெட்டிக் கொன்றிருந்தார்கள். அதற்கு முந்தின நாள் வீட்டுக் கதவில் சிவப்பாக ஓர் அரிவாள் வரைந்துவிட்டுப் போனார்களாம். அடுத்தது இவர் என்று சொல்லியும் விட்டிருந்தார்கள். அதற்குப் பயந்துதான் ஊரைவிட்டு வந்து இங்கே ஒளிந்து பொதி தூக்கிக்கொண்டிருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

மத்தியானம் சாப்பிட்டு வந்தவர், தான் தூக்கவேண்டிய பொதியில் அரிவாளைப் பார்த்தார். யார் வரைந்தது என்று கேட்டார். பாராட்டப்போகிறார் என்று நினைத்து, நான்தான் என்று சிரித்தேன். கொக்கி மண்டையில் இறங்கியது. விழுந்தவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, முனையைத் தொண்டையில் வைத்தார்.

"யாருல உன்ன அனுப்புனது? சொல்லு, இல்ல கொடல உருவிருவேன்."

"ஊருண்ணே... இங்கிலாந்துல ஒரு ஊரு."

முனை இன்னும் அழுந்தியது. நாலு பேர் சேர்ந்து அவரைப் பிய்த்து எடுத்தார்கள். சூப்பர்வைசர் ஆர்டர் தாளைப் படித்துக் காட்டிய பிறகுதான் கொக்கி தரையில் விழுந்தது. சண்டைன்னு எவம்ல ஊருக்குப் பேரு வைப்பான் என்று முனகிக்கொண்டே, அண்ணனே என் தலையில் பேண்டேஜ் துணியை அழுத்திப் பிடித்தார். பிறகு காதோரம் கேட்டார்:

"வேற எவனும் என்னயத் தேடி வந்தானா?"

இல்லை என்றேன். தையல் போடும்போதுதான் ஸ்டேட்டஸ் ஞாபகம் வந்தது. அழித்தேன். அதற்குள் அந்தப் படம் கைமாறிக் கூமாப்பட்டிக்கே போயிருந்தது.

மறுநாள் காலை கம்பெனி கேட்டில் பைக்கோடு இரண்டு பேர். டேங்க் மேல் சாக்கில் சுற்றிய நீளமான ஏதோ. கூமாப்பட்டி ஆள் ஒருத்தர் இங்கே பொதி தூக்குகிறாராமே என்று சிரித்தபடி விசாரித்தார்கள். நான் முந்திக்கொண்டு போய்த் தலையில் போட்டிருந்த கட்டைப் பிய்த்துக் காட்டினேன்.

"என் மண்டையப் பொளந்துட்டு நேத்தே ஓடிட்டான்ணே. நானும்தான் தேடுதேன். ஆளு கெடச்சா எனக்கும் ஒரு போன் போடுங்க."

தையலோரம் ரத்தம் கசிந்து புருவத்தில் இறங்கியது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்கள். நம்பர் வாங்கிக்கொண்டார்கள். பைக் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் திரும்பியது.

உள்ளே, கப்பல் வரைந்த பொதிகளுக்குப் பின்னால் அண்ணன் கொக்கியை இறுகப் பிடித்தபடி குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். போய்விட்டார்கள் என்றேன். அவர் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட வேண்டியிருந்தது.