கடலுக்கு மேலே மூன்றரை மணி நேரம்

கடல் தொழில் வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்று அப்பாவை மஸ்கட்டுக்கு அனுப்பியவள் அம்மா. அவளுடைய அப்பாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. கணவனையும் கொடுக்க அவளுக்கு மனமில்லை. மஸ்கட்டில் ஒரு கடையில் சாமான் அடுக்கும் வேலை. காலில் உப்புத்தண்ணீர் படாத வேலை என்று குளச்சல் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

அப்பா முதல் லீவில் வந்த அன்று காலை, எங்களோடு இருந்த பெரிய மாமா, விமானம் வருவதைக் காட்டும் படத்தைப் போனில் திறந்து என் கையில் கொடுத்தார். மஸ்கட்டிலிருந்து திருவனந்தபுரம் இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம் என்று போட்டிருந்தது. நான் அப்போது நாலாம் வகுப்பு. மீதித் தூரத்தை அவ்வப்போது உரக்க வாசிப்பது என் பொறுப்பு. அம்மா எட்டிப் பார்த்தாள். படத்தில் எங்கு பார்த்தாலும் நீலம்.

"ஏட்டி, இது முழுக்க கடலா?" என்றாள்.

ஆமாம் என்றேன். அதை அவள் அதுவரை நினைத்தே பார்த்திருக்கவில்லை போலும். முகம் வெளிறிப்போயிற்று.

பாதி தூரம் தாண்டியதும் குட்டி மஞ்சள் விமானம் காணாமல் போனது. தட்டினேன், தேய்த்தேன், நீலம் மட்டும்தான் இருந்தது.  நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது, கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்றார் மாமா. சொல்லிவிட்டு அவரே போனைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தார்.

அம்மா கத்தவில்லை, அழவில்லை. நேராகப் போய், பெரிய மாமா வீட்டில் வைத்திருந்த, கடலில் நிற்கிற போட்டுகளோடு பேசுகிற வயர்லெஸ் பெட்டியின் முன் உட்கார்ந்துவிட்டாள். கடலில் ஆளைக் காணவில்லையென்றால் எங்கள் வீட்டில் கேட்கிற இடம் அது ஒன்றுதான். விமானத்தைப் போட்டுக்காரனிடம் விசாரித்த குடும்பம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அவளுடைய தம்பி, என் சின்ன மாமா, அப்போது போட்டில் ஆழ்கடலில் இருந்தார்.

"மக்கா, ஒனக்க மேல பிளேன் எதாவது போச்சா? அத்தான் அதுல வாறாரு."

பெட்டி சோவென்று இரைந்தது. அந்த இரைச்சலுக்குள் அப்பா மூழ்கிக்கொண்டிருப்பதாகவே எனக்குப் பட்டது. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

"போச்சு அக்கா, இப்பதான் போச்சு. வெள்ளையா, நல்லா தெளிவா கண்டேன். நம்ம கரைய பாத்துதான் போவுது."

அம்மா பெட்டியில் காதை வைத்து அந்த இரைச்சலைக் கேட்டாள். பிறகு, "தலைய நனைக்காத மக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேங்காய் அரைக்கப் போனாள். எனக்குப் பயமெல்லாம் பறந்துவிட்டது. வெளியே ஓடி, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றேன். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது, அரைத்ததையே அரைத்துக்கொண்டிருந்தாள்.

இறங்கிவிட்டேன் என்று அப்பா போன் செய்தபோது, அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அப்படி அழுதாள். சின்ன மாமாதான் அப்போதே சொல்லிவிட்டாரே, இப்போது எதற்கு அழுகை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

வருஷங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது: கரையில் வெயில் அடித்த அந்தக் காலை, ஆழ்கடலில் மழை கொட்டியிருக்கிறது. வயர்லெஸ்ஸில் நான் கேட்ட இரைச்சல் அதுதான். அந்த மூட்டத்துக்கு அடியில் நின்ற சின்ன மாமா எந்த விமானத்தையும் கண்டிருக்க முடியாது. கடல்காரன் மகளுக்கு மழைச் சத்தம் தெரியாதா? தம்பி சொன்னது பொய் என்று தெரிந்துகொண்டுதான் அவள் என்னிடம் எதையும் காட்டிக்கொள்ளாமல் எழுந்து தேங்காய் அரைக்கப் போயிருக்கிறாள்.