தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்ட வக்கீல்

சாலட் கீரை நாற்று நட்டு நான்கு நாள்தான் ஆகியிருந்தது. காலையில் தோட்டத்துக்கு ஏறிப் போனால், மூன்று ஆண்கள் அளவு நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு பாத்திக்கு நடுவே நிற்கிறார்கள். ஒருவனுடைய பூட்ஸ் காலுக்கடியில் என் நாற்று. யார் நீங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கொட்டகை ஓரத்தில் நின்று இருமினேன். அவன் திரும்பிப் பார்த்தான்.

"கிராணி அனுப்புனாரு. பூச்செடிக்குப் பிளாஸ்டிக் கூடாரம் போட அளக்குறோம். நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க பாட்டி."

என் தோட்டத்தில் வேலை செய்ய எனக்கு அனுமதி கொடுத்தான்.

திரிங்காப்பு ஊருக்கு மேலே இருக்கிற அந்தச் சரிவை நானும் என் வீட்டுக்காரரும் காடு வெட்டித் திருத்தினோம். அவர் தேயிலை பேக்டரியில் வேலையை விட்ட வருடம் அது. நிலம் அரசாங்கத்துடையது. வருடா வருடம் நில ஆபீஸில் லைசன்ஸைப் புதுப்பித்தால் அந்த வருடம் பயிர் செய்யலாம். லைசன்ஸ் அவர் பெயரில் இருந்தது. ஆனால் புதுப்பிக்க அவர் ஒரு நாளும் போனதில்லை. எங்கள் எஸ்டேட்டில் கணக்கெழுதிய கிராணியிடம் பணத்தைக் கொடுத்துவிடுவார். கிராணி ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான்.

வெளியாட்களுக்கு இது விளங்காது. எஸ்டேட் லயத்து வீடுகளில் பிறந்தவர்களுக்குக் காகிதம் என்றால் அது கிராணியின் கையில் இருக்கிற பொருள். பிள்ளை பிறந்தால் அவரிடம் போய்ச் சொல்வோம், அவர் எழுதுவார். அடையாள அட்டை பாரத்தை அவர் நிரப்புவார், நாங்கள் கைநாட்டு வைப்போம். பெண்கள் ஆபீஸ் படியேறிய வழக்கம் கிடையாது. எஸ்டேட்டை விட்டு வந்தோம். அந்த வழக்கம் மட்டும் எங்களோடு லாரியில் ஏறி வந்துவிட்டது.

வீட்டுக்காரர் இறந்து எட்டு வருடம். எட்டு வருடமும் நான் அதே மாதிரி கிராணியிடம் கொடுத்தேன். அவர் ஒரு காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் திருப்பித் தருவார். அப்படியே பிஸ்கட் டின்னில் வைப்பேன். ஆறாம் வகுப்பு வரை படித்தவள் நான். பைபிள் வாசிக்கிறேன், மலாய் எழுத்தையும் கூட்டிக் கூட்டி வாசிப்பேன். ஒரு தடவை உறையைப் பிரித்திருந்தால் அதில் யார் பெயர் என்று தெரிந்திருக்கும். பிரிக்கவில்லை. அந்தக் கோபம் என்மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றைக்குப் பிரித்தேன். எட்டிலும் கிராணியின் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் வெளியே வரும்வரை கோயில் வாசலில் நின்றேன். நாங்கள் ஒரே கோயில். அவருக்கு எப்போதும் முன் வரிசை.

"ஐயா, தோட்டத்துப் பேப்பரு…" என்று தொடங்கினேன்.

"அதுவா? ஒன் புருசன் போனப்புறம் செத்தவன் பேர்ல புதுப்பிக்க முடியுமா? ஒன் நன்மைக்குத்தான் என் பேர்ல போட்டேன். இப்ப மவன் பூச்செடி போடணுங்கிறான். நீயும் எத்தன நாளைக்கு மலை ஏறுவ?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ஐயா."

அவர் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "சொன்னா ஒனக்குப் புரியுமா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையை ஆட்டினேன். சரிங்க ஐயா என்பது போல ஆட்டினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தத் தலையைப் பிய்த்து எறியலாம் போல இருந்தது.

என் மகள் பிரிஞ்சாங்கில் ஒரு ஓட்டலில் வேலை செய்கிறாள். அவள் என்னை முதலில் மலைக்குக் கீழே ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனாள். அவர் கார் விபத்து, விவாகரத்து எல்லாம் பார்க்கிறவர். முழு நேரமும் மகளிடம்தான் பேசினார். "அம்மாவுக்கு என்ன வேணுமாம்? அம்மா கையெழுத்துப் போடுவாங்களா?" நான் அவருக்கு எதிரே, மேசைக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். கடைசியில், லைசன்ஸ் கிராணி பேரில் இருக்கிறது, கேஸ் நிற்காது, சமாதானமாகப் போய்விடுங்கள் என்றார். அதையும் அவளிடம்தான் சொன்னார்.

எங்கள் சரிவுக்குக் கீழே தக்காளி போடுகிற சீனர்தான் வழி காட்டினார். ஈப்போவில் ஒரு வக்கீலம்மா இருக்கிறார், தோட்டம், நிலம், லைசன்ஸ் வழக்கைத் தவிர வேறெதையும் தொடமாட்டார் என்றார். போனோம். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேல்மாடி. ஐம்பது வயது இருக்கும், நம் தமிழ் அம்மாதான். அவர் மேசைக்கடியில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் இருந்தது, சேறு காய்ந்துபோய். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மகள் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"தங்கச்சி, நீங்க தோட்டம் செய்யுறீங்களா?"

"இல்ல, ஓட்டல்ல…"

"அப்ப கொஞ்ச நேரம் சும்மா இருங்க லா. ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க. என்ன போடுறீங்க? வெயில் எந்தப் பக்கம் அடிக்கும்? மழைக்கு மண்ணு சரியுமா? தண்ணி எங்கேருந்து வருது?"

யாரும் என்னிடம் கேட்காத கேள்விகள். முதலில் மகளைப் பார்த்தேன். பிறகு பேசினேன். அவர் எழுதிக்கொண்டே போனார். என் வீட்டில்கூட அவ்வளவு நேரம் பேசியதில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு ஒளிக்காமல் சொன்னார். "ஆன்ட்டி, ஒங்களுக்கு இனிப்பா பேச மாட்டேன். இந்த லைசன்ஸ் சொத்து கெடையாது. ஒங்க வீட்டுக்காரர் போன அன்னிக்கே அதுவும் முடிஞ்சு போச்சு. ஒங்களுக்கும் சொந்தமில்ல, கிராணிக்கும் சொந்தமில்ல. ஆனா அவரு அத மவனுக்குத் தூக்கிக் குடுக்கவும் முடியாது. நாம ஆட்சேபம் எழுதுவோம். ஆபீசர் எடத்தப் பாக்க வருவாரு. யாரு பயிர் செய்யுறாங்கன்னு அவரு பாக்கணும். அங்க நீங்கதான் பேசணும்."

"நீங்க பேசுனா ஆகாதா?"

"நான் சட்டம் பேசுவேன். தண்ணி கதையெல்லாம் ஒங்களுக்குத்தானே தெரியும்?"

அவரையே வக்கீலாக வைத்துக்கொண்டேன். மனுவில் கைநாட்டு வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஆபீசர் வந்த அன்று பனி கலையாத காலை. மலாய்க்காரர், சின்ன வயது. கிராணியும் வந்தார். கோட்டுப் போட்டு, பாலிஷ் போட்ட ஷூவோடு வந்தார். ஆபீசர் ஒன்று கேட்டால் அவர் மலாயில் பத்து சொன்னார். எனக்குப் பாதி விளங்கியது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. என் பக்கம் விரலை நீட்டி, இவள் என் வேலைக்காரி என்றார்.

என் வீட்டுக்காரர் பாறை புரட்டி முதுகு போன இடம் அது. நான் கர்ப்பத்தோடு மண் சுமந்த இடம். இருபத்தெட்டு வருடம். வேலைக்காரி!

வக்கீலம்மாவைப் பார்த்தேன். அவர் எனக்காகக் கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. ஆபீசரிடம் மரியாதையாக ஒன்றே ஒன்று சொன்னார்: இந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இரண்டு பேரையும் கேளுங்கள்.

கிராணி நீலத் தொட்டியைக் காட்டினார்.

தொட்டிக்கு எங்கிருந்து வருகிறது?

"ஆத்தாஸ்," என்றார். மேலே இருந்து. கையைப் பொதுவாக மலைப்பக்கம் வீசினார்.

காட்டுங்கள் என்றார் ஆபீசர்.

கிராணி தன் ஷூவைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். நான் நடக்க ஆரம்பித்தேன்.

கறுப்பு பைப் போகிற வழியே ஏறினோம். நான் முன்னால், பின்னால் ஆபீசர், அவருக்குப் பின்னால் பூட்ஸோடு வக்கீலம்மா. வழியில் மூன்று இடத்தில் பைப் இணைப்பு. மூன்றையும் மோட்டார் சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டியிருக்கிறோம். ஒன்று என் வீட்டுக்காரர் கட்டியது, இரண்டு நான் கட்டியது. காட்டுப் பன்றி மிதித்து உடைத்த இடம், மண்சரிவில் பைப் போய் மறுபடி போட்ட இடம், எல்லாவற்றையும் நின்று நின்று சொன்னேன். என் மலாய் கோணல் மாணல். இலக்கணத்தைப் பார்க்க அப்போது நேரமில்லை, அவ்வளவு கோபம். உச்சியில் சின்ன ஓடை. குப்பை ஏறாமல் இருக்க பைப் வாயில் ஆணியால் ஓட்டை போட்ட பால்மாவு டின்னைச் செருகியிருக்கிறோம். அதைக் கழற்றி, அடைத்திருந்த இலையைத் தட்டிவிட்டு, திரும்பச் செருகினேன். வாரத்துக்கு இரண்டு தடவை செய்கிற வேலை, கை தானாகச் செய்தது. ஆபீசர் போட்டோ எடுத்துக்கொண்டார்.

இறங்கி வந்தபோது கிராணி கொட்டகையில் என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, நான் ஒங்க வேலக்காரி இல்ல."

அவர் குனிந்து ஷூவைத் துடைத்தார். இந்தத் தடவை நான் தலையை ஆட்டவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கிராணி பெயரில் இருக்கிற லைசன்ஸை மறுபடி புதுப்பிக்கமாட்டார்கள், நான் என் பெயரில் விண்ணப்பம் போடலாம் என்று இருந்தது. கோயிலில் சில பேர் இப்போது என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "நம்ம பொறப்புப் பத்திரம் எழுதுன மனுசன், வயசான காலத்துல தலகுனிய வச்சிட்டியே" என்று ஒருத்தி நேராகவே கேட்டாள். அவர் முன் வரிசையில்தான் இன்னும் உட்காருகிறார். ஒரு மன்னிப்பு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. என் பிழைப்பை எட்டு வருடம் பையில் போட்டுக்கொண்டு நடந்தவருக்குத் தலை குனிந்தால் என்ன?

விண்ணப்பத்தோடு நில ஆபீஸுக்கு நானே போனேன். மகள் கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். பிறகு லைசன்ஸ் தயார் என்று கூப்பிட்டபோதும் நானே போனேன். கவுண்டரில் இருந்த பெண் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நீட்டினாள். அங்கேயே பிரித்தேன். பெயர் இருக்கிற இடத்தில் விரலை வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். அப்பா பெயரோடு சேர்ந்து என் பெயர் நீளம். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "செப்பாட் லா ஆன்ட்டி, சீக்கிரம்" என்றார்.

நான் நகரவில்லை. அப்பா பெயரும் சரியாக இருக்கிறதா என்று முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தேன்.