கொடுக்கில்லாத ஈ

தேற்றாத்தீவுக் கண்ணகைக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். சுனாமி புருஷனைக் கொண்டுபோன பிறகு அது இன்னும் கூடிப்போனது. மிஞ்சியது மகன் சிவதர்ஷன் ஒருவன்தான். நிவாரணக்காரர்கள் தேன்பெட்டி ஒன்றைக் கொடுத்து, வளர்க்கப் பழக்குவதற்கு ஒருவரையும் அனுப்பினார்கள்.

வந்தவர் ஓர் ஆண் தேனீயைப் பிடித்து வயிற்றை நசுக்கினார். சட்டைப்பையைப் புறம்புரட்டி இழுத்ததுபோல, உள்ளே இருந்த ஆணுறுப்பு பிதுங்கி வந்தது. ஈ செத்தது.

"ராணியோட கூடினாலும் இதுதான் கதி. உறுப்பு அவளிட்டயே நிண்டிடும், இவன் விழுந்து சாவான். கொட்டக் கொடுக்குமில்ல. கொடுக்கெண்டுறது பெண்ணுக்கு முட்டையிடுற உறுப்பு மாறி வந்த சாமான். இவனுக்கு அப்பனும் இல்ல. கருக்கட்டாத முட்டையில, தாய்ப்பங்கோட மட்டும் வாறவன். பிறந்ததே சாகத்தான்!" என்று சிரித்தார்.

பழக வந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கண்ணகை எழும்பிவிட்டாள்.

"சாகிறதுக்கெண்டு ஆரும் புள்ள பெறுறல்ல சேர்! வாயை அளந்து பேசுங்க!"

பெற்றவளுக்கு முன்னால் பேசுகிற பேச்சா அது? அதுவும், வீட்டுக்கு ஓர் ஆள் என்று துப்பாக்கியும் கையுமாகத் துவக்குக்காரர் சண்டைக்கு ஊர் ஊராகப் பிள்ளை பிடித்துத் திரிந்த காலத்தில்!

அடுத்த மாதம் அவள் வாசலுக்கும் வந்தார்கள். இரண்டு பேர். மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை, தோளில் துவக்கு.

"மகனைக் கூப்பிடுங்கம்மா. எல்லா வீட்டிலயும் குடுக்கிறாங்க."

"அப்பன் இல்லாத புள்ளையெண்டா கேக்க ஆளில்லையெண்டு நினைச்சீங்களாடா?"

உயரமானவன் உள்ளே காலை வைத்தான். கண்ணகை முற்றத்துப் பெட்டியைத் திறந்து, அடையில் ஊர்ந்த கறுத்த ஆண் தேனீக்களைக் கைநிறைய அள்ளினாள். வேலைக்காரத் தேனீக்கள் கொட்டியதை அவள் கணக்கெடுக்கவேயில்லை. அள்ளியதை அவர்கள் முகத்தில் எறிந்தாள். ஈக்கள் இரைந்த இரைச்சலில் இருவரும் "ஐயோ அம்மா!" என்று வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள்.

"கொட்டத் தெரியாத ஈயடா அது! இதுக்கே இந்த ஓட்டமெண்டா சண்டையில என்னத்தைக் கிழிக்கப் போறீங்க?"

அவர்கள் ஆள் கூட்டிக்கொண்டு வருவதற்குள், ஏறாவூர் வியாபாரி முத்தலிப்பின் லொறியில், நெல் மூட்டைகளுக்கு நடுவே மகனைக் கொழும்புக்கு ஏற்றிவிட்டாள். வந்தவர்கள் வீட்டை உடைத்தார்கள், தேன்பெட்டியை எரித்தார்கள். நாசமாய்ப் போகட்டும், பிள்ளை தப்பினான்.

போர் முடிந்த வருடம் சிவதர்ஷன் திரும்பி வந்தான். கொஞ்ச நாளில் ஆரையம்பதி ஆச்சிப்பிள்ளை என்ற ஒருத்தி, கையில் படத்தோடு வந்து நின்றாள். படத்தில், பள்ளிக்கூடச் சட்டையோடு அந்த உயரமானவன்.

"என்ட மகன். வன்னிச் சண்டைக்குக் கொண்டு போனவங்க, ஒரு தகவலுமில்ல. தேனீக்குப் பயந்து உங்கட வளவிலயிருந்து ஓடின கதைய எனக்குச் சொன்னவன். அவனைக் கண்ட எல்லாரிட்டயும் கேட்டுத் திரியிறன். சின்னனிலயே அவனுக்குப் பூச்சியெண்டாப் பயம்."

கண்ணகை படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு வெடித்தாள்.

"பூச்சிக்குப் பயந்த புள்ளையின்ட கையில துவக்கைக் குடுத்தவன் எவன் கா தங்கச்சி? அவன்ட பேரைச் சொல்லு, நான் போய்க் கேக்கிறன்!"

ஆச்சிப்பிள்ளை படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அண்டைக்கு நீங்க பாத்தனீங்கதானே அக்கா? அவன் நல்லா ஓடினவன்தானே?" என்று மட்டும் கேட்டாள்.