கஸ்தூரி அக்கா போட வேண்டாமென்ற முகவரிகள்

கஸ்தூரி அக்கா போய்விட்டார் என்று அவருடைய தம்பி போனில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, ஆத்திரம். அறுபது வயதுகூட ஆகவில்லை. மறுநாள் எம்.கே.பி. நகரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் 'பொறுமையின் சிகரம்' என்று வேறு போட்டிருந்தார்கள். யாரய்யா எழுதியது? பழகிய நீங்களே சொல்லுங்கள், அந்த மனுஷிக்குப் பொறுமை என்று ஒன்று இருந்ததா?

வியாசர்பாடியில் டைப்ரைட்டிங் கடை வைத்திருந்தார். போலீஸ் மேல் புகார் என்றால் மற்ற கடைக்காரர்களுக்கு உடனே ரிப்பன் தீர்ந்துபோகும். அவர் மட்டும், "குந்து, சொல்லு" என்பார். நான் அப்போது ராயபுரத்தில் ஒரு வக்கீலிடம் ஜூனியர். மனுவை நான் எழுதித் தருவேன், அக்கா டைப் அடிப்பார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்களிடம் புகார் எழுத வந்த செல்வியின் கணவர் ஏழுமலை துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இரும்புத் திருட்டு என்று சந்தேகப்பட்டு அழைத்துப்போனார்கள். தன் காலால் நடந்து ஸ்டேஷனுக்குப் போனவர் மூன்றாம் நாள் பிணமாக வந்தார். வலிப்பு என்றது போலீஸ். அவர் நன்றாக நடந்து போனதைப் பார்த்த மூன்று பேர் சாட்சி சொல்ல வந்தார்கள். செல்வி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: போலீஸ் அல்லாத ஒருவர் வந்து விசாரிக்க வேண்டும்.

மனித உரிமைக்கென்றே ஓர் ஆணையம் இருக்கிறதே என்று நான்தான் குதித்தேன். சாட்சிகளின் பெயர், கதவு எண், தெரு எல்லாம் சுத்தமாக எழுதிக் கொடுத்தேன். அக்கா டைப் மிஷினிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அட்ரஸெல்லாம் வோணாம் வக்கீலு. பேரு மட்டும் போதும்."

"அக்கா, ஆணையம் தனி அமைப்பு. முகவரி இல்லையென்றால் தள்ளிவிடுவார்கள்."

"அங்க விசாரிக்கறவன் யாரு? அவனும் காக்கிய கழட்டி வெச்சிட்டு வந்தவன் தானே?"

சட்டம் படித்த திமிரில் சிரித்தேன். அவர் முகவரிகளோடே அடித்துக் கொடுத்தார்.

ஆணையம் மனுவை என்ன செய்தது தெரியுமா? உண்மைதானா என்று அறிக்கை கேட்டுப் போலீஸுக்கே அனுப்பியது. அது படிப்படியாக இறங்கி, எந்த ஸ்டேஷன் மீது புகாரோ அந்த ஸ்டேஷனின் மேஜைக்கே வந்து சேர்ந்தது. எங்கள் மனுவின் ஜெராக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, கதவு எண் பார்த்துப் பார்த்துத் தட்டினார்கள். ஒரே வாரத்தில் மூன்று பேரும் எதையும் பார்க்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

பிறகு ஆணையத்தின் விசாரணை அதிகாரி வந்தார். அக்கா சொன்னது போலவே காவல்துறையிலிருந்து இரவலாக வந்தவர். அதே ஸ்டேஷனின் ஜீப்பில் வந்து இறங்கினார். "ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி. நல்லா கீது உங்க நாயம்!" என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினார் அக்கா.

ஆணையத்தில் நல்லவர்களே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒருவர் போனில், "எங்களுக்குச் சொந்தமா ஆளும் இல்லை, அதிகாரமும் இல்லைம்மா. அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்" என்றார். "நீங்களும் மனு போட்டுகினு கீறீங்களா? அப்ப வா சார், எங்க கூட வந்து குந்து" என்றார் அக்கா. ஆணையத்தின் தலைவராக ஒரு நீதிபதியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கையையும் காலையும் அரசாங்கமே இரவல் கொடுத்தால் அவர் யாரை நோக்கி நடப்பார்? வெட்கக்கேடு.

போலீஸ் அறிக்கையை ஏற்றுப் புகார் முடித்துவைக்கப்படுவதாகக் கடிதம் வந்தது. செல்வி கடைக்கு வந்து நின்றார். "எங்க ஆளுங்க அட்ரஸ யாருக்கா அவனுங்க கைல குட்த்தது?"

நானும் அங்கேதான் இருந்தேன். கடிதத்தை மறுபடி படிப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான்தான்டி போட்டேன். தப்பு என்னுது" என்றார் அக்கா.

செல்வி மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "இனிமே கோர்ட்டுக்குத்தான் போவணும், அங்க அவ கேஸ நீதான் நடத்தணும். உன்ன நம்பலன்னா அவ எங்க போவா? என்ன திட்டிகினு போட்டும், போ" என்றார். அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. செல்வி அதன்பிறகு அக்காவோடு பேசவே இல்லை. அடக்கத்தன்றுகூடத் தெருமுனையில் நின்றார், வீட்டுக்குள் வரவில்லை.

நண்பர்களே, இத்தனை வருடம் அக்கா சுமந்தது எனக்கு வர வேண்டிய பழி. அது என்னுடையது. செல்வி, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். அந்த முகவரிகளை எழுதியது நான்.